சீட்டுக்காரரின் பின்சீட்டு

வண்டியைப் பார்ப்பதற்கு முன் சீட்டைத்தான் அமுக்கிப் பார்க்கிறார் சீட்டுக்காரர். பெருவிரல் ரெக்சினில் அழுந்தி மீள்வதற்குள் விஷயம் தெரிந்துவிடுகிறது.

"பின்னாடி உக்கார்றவங்க வலப்பக்கமே சாயுறாங்க. இடுப்புவலியா?"

வண்டிக்காரர் வாயைப் பிளக்கிறார். "எங்கம்மாங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நான் எங்க கண்டுபிடிச்சேன்? ஸ்பாஞ்ச் சொல்லுது."

மோட்டார் சைக்கிள் சீட்டுகளுக்கு உறை தைப்பது அவர் தொழில். பெயரைக் கேட்டால் யாருக்கும் தெரியாது; சீட்டுக்காரர் என்றால் தெருவே கைகாட்டும். கடை முழுக்கப் பசை வாசம், ஆணியில் தொங்கும் பழைய உறைகள். உதட்டிடுக்கில் எப்போதும் நாலு குண்டூசி. அதனால்தான் பேசுவதில்லை என்பார். குண்டூசி இல்லாதபோதும் அவர் பேசமாட்டார் என்பது வீட்டாருக்குத் தெரியும்.

ஆனால் ஊரைத் தாண்டிவிட்டால் போதும், ஆளே மாறிவிடுவார். ஆண்டுக்கொருமுறை கடையைப் பத்து நாள் பூட்டிவிட்டு மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வண்டியிலேயே கிளம்புவது வழக்கம். மகள் முதலில் பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்தாள். பிறகு இருவருக்கும் நடுவில். வேலைக்குப் போன பிறகு பக்கத்திலேயே தன் வண்டியில் வந்தாள். அவர் பள்ளிக்கூடத்தில் இரண்டு முறை பெயிலானது, கல்யாணத்தன்று ஓடிப்போய்விடலாமா என்று யோசித்தது எல்லாம் சாலையோர டீக்கடைகளில்தான் வெளியே வந்தன. "உங்கப்பாவைப் பேச வைக்கணும்னா பெட்ரோல் ஊத்தணும்டி" என்று மனைவி சிரிப்பார். அந்த மனைவிக்கு முதுகு நோகக் கூடாதென்று பின்சீட்டை மட்டும் பதினோரு தடவை பிரித்துத் தைத்திருக்கிறார்.

போன வருடம் மனைவியின் இதயம் பழுதாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாவது வாரம், கட்டிலில் சாய்ந்தபடி கேட்டார்: "முதல் தடவை போனோமே, அந்த ஏரி. ஒருவாட்டி கூட்டிட்டுப் போயிடுங்க. மெதுவாப் போனாப் போதும்."

"முதல்ல உடம்பு தேறட்டும்."

"தேறாதுன்னுதானே கேக்கறேன்."

அவர் எழுந்து கடைக்குப் போய்விட்டார். மகள் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து பதினாறாம் நாள் மனைவி கண்ணை மூடினார்.

அதன்பின் அந்த வீட்டில் இரண்டு பேச்சுதான். "சாப்பாடு மூடி வச்சிருக்கேன்." "சாவி ஜன்னல்ல இருக்கு." மகள் தன்னை மன்னிக்கவில்லை என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே கூசினார்.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாததுமாக வண்டியை வெளியே தள்ளினார். "ஏரிக்குப் போறேன். வர்றியா?"

அவள் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள். "நான் ஓட்டறேன்."

அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தார். பதினோரு தடவை தைத்தவர், அன்றுவரை அதில் ஒரு கிலோமீட்டர்கூடப் போனதில்லை. அளவு அவருடையதல்ல, மேடு தொடையில் இடித்தது, பள்ளம் வேறெங்கோ இருந்தது. நானூறு கிலோமீட்டரும் அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். வழியில் இரண்டு இடத்தில் டீ குடித்தார்கள். குடித்த கையோடு கிளம்பினார்கள்.

ஏரிக்கரையில் மகள் வண்டியை நிறுத்தினாள். தண்ணீரில் வெயில் தகதகத்தது. அவர் இறங்காமலே அவள் முதுகிடம் சொன்னார்: "நான் பயந்துட்டேம்மா. வழியில ஏதாவது ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு பயந்துட்டேன். கூட்டிட்டு வந்திருக்கணும்."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நீங்க எந்திரிச்சுக் கடைக்குப் போனதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சுப்பா. அப்பாடா, போகவேண்டாம்னு மூச்சு விட்டேன். அதை அம்மா பாத்துட்டாங்க. என் முகத்தைப் பாத்துட்டுதான் அப்புறம் கேக்கவே இல்ல."

அவர் வண்டியைவிட்டு இறங்கினார். அவள் எதிரில் வந்து நின்றார். பிறகு அவள் மடியிலிருந்த ஹெல்மெட்டை எடுத்தார். நானூறு கிலோமீட்டர் வழியின் பூச்சிகள் முன்கண்ணாடியில் அப்பிக் கிடந்தன. சட்டை நுனியை இழுத்து, கண்ணாடிமேல் வாயால் ஊதி, ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கினார்.