ஆள் மீது போட்டுப் படம் எடுக்கவும்

"சட்டையின் அளவு சரியாக உள்ளது. ஆனால் நீங்கள் அனுப்பிய படங்கள் டம்மி மீது எடுத்தவை. ஆள் மீது போட்டுப் படம் எடுத்து மீண்டும் அனுப்பவும்."

மின்னஞ்சலில் வந்த இந்த வரிகளின் அச்சுப் பிரதி என் குறிப்பேட்டில் ஒட்டியிருக்கிறது. அதன் தலைப்பில் என் கையெழுத்தில் இருப்பது: ஐப்பசி, வியாழக்கிழமை, மாலை 3.50, லேசான தூறல். தேதியும் ஆண்டும்கூட உண்டு. அவற்றைச் சொன்னால் எந்த நிறுவனம், எந்த ஆர்டர் என்று தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன். ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழில் தந்திருக்கிறேன், வேறு எதையும் மாற்றவில்லை.

அந்தப் படங்களில் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றது நான்.

இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு நம்பிக்கை இருந்ததே இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணியூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் மோட்டார் தானாக ஓடுகிறது, செத்துப்போன தோட்டக்காரர்தான் ஓட்டுகிறார் என்று பலர் சொன்னபோது, இரண்டு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் உட்கார்ந்து, பெட்டிக்குள் இருந்த டைமர் சுவிட்சைக் கண்டுபிடித்து நேரத்தோடு எழுதிவைத்தவன் நான். எங்கள் ஊரான நெருப்பெரிச்சலில் எந்த ஆண்டு எந்தக் கிணறு வற்றியது, எந்தத் தெருவில் முதல் நிட்டிங் மிஷின் வந்தது என்பதெல்லாம் என்னிடம் எழுத்தில் இருக்கிறது. ஒரு செய்தியை ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் சொன்னால்தான் ஏற்றுக்கொள்வேன். அப்படிப்பட்டவன் சொல்வதை நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

வேலையைச் சொல்ல வேண்டும். பனியன் கம்பெனியில் சாம்பிள் அறையின் ஆவணங்களைப் பார்த்துக்கொள்பவன் நான். வெளிநாட்டு பையர், அதாவது வாங்குகிறவர், ஒரு சட்டைக்கு ஆர்டர் கொடுத்தால், முதலில் ஒன்றே ஒன்று தைத்து, அதை டம்மி என்கிற பொம்மை மீது இல்லாமல் ஓர் ஆள் மீது போட்டு, முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று படம் எடுத்து அனுப்ப வேண்டும். அவர்கள் பார்த்துச் சரி என்றால்தான் துணியை வெட்டலாம். அதற்கு மீடியம் சைஸில் பிசகில்லாத உடம்பு வேண்டும். மார்பு நாற்பது இஞ்ச், தோள் பதினெட்டு. பதினோரு ஆண்டுகளுக்கு முன் யாரோ டேப்பை வைத்துப் பார்த்தார்கள், என் உடம்பு பொருந்திவிட்டது. அன்றிலிருந்து ஃபைலும் நான்தான், ஆளும் நான்தான்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்றால், நாலைந்து பேர் என்னைச் சுற்றி நின்று கூர்ந்து பார்ப்பார்கள், ஒருவரும் என்னைப் பார்க்க மாட்டார்கள். தோள் இறங்குகிறது என்பார்கள், அது சட்டையின் தோள். படத்தில் முகம் வராது, கழுத்துக்கு மேலே வெட்டிவிடுவது வழக்கம். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அலுப்பு இருந்தது, அவ்வளவுதான். நின்று நின்று கால் மரத்துப்போகும், பிறகு கால் இருப்பதே மறந்துபோகும்.

அது தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வராத வாரம். கம்பெனியில் பாதி விளக்கு எரியவில்லை. சாம்பிள் அறையில் மூன்று பேர்தான். நான், அளவு வரைந்து வெட்டிக் கொடுக்கும் பேட்டர்ன் மாஸ்டர் ஞானராஜ், பையரோடு கடிதப் போக்குவரத்து பார்க்கும் மெர்ச்சண்டைசர் ரேவதி. ஞானராஜ் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், இங்கே வந்து இருபது ஆண்டு ஆகியும் பேச்சை மாற்றிக்கொள்ளாதவர். ரேவதி இந்த ஊர்ப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த ஆர்டர்தான் அவளுடைய முதல் ஆர்டர்.

கடிதத்தைப் படித்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்ணா, நீங்கதானுங்களே நின்னீங்க? நான்தானுங்களே எடுத்தேன்?"

ஞானராஜ் சிரித்த சிரிப்பில் மேசையே ஆடியது. "அண்ணாச்சி, பதினோரு வருசமா அசையாம நின்னதுக்கு இப்பந்தான் பட்டம் குடுத்திருக்கான். வேண்டாம்னு சொல்லிராதீங்க."

படங்களைத் திறந்து பார்த்தோம். நான்தான். கை இருக்கிறது, கையில் ரோமம் இருக்கிறது, வாட்ச் இருக்கிறது, அதில் 10.40 மணி. எந்த டம்மிக்கு வாட்ச் கட்டுவார்கள்? பார்த்தவர் அவசரத்தில் எழுதியிருப்பார் என்று மறுநாள் வெள்ளிக்கிழமை மறுபடியும் எடுத்தோம். முகத்தை வெட்டாதே என்றேன். முகம் வரக்கூடாது என்பது அவர்களே போட்ட விதி என்று ரேவதி தயங்கி, கடைசியில் மோவாய் வரை விட்டாள். கையை எப்படி வைத்துக்கொள்வது என்று நான் யோசித்தபோது ஞானராஜ் சொன்னார்: "ஒரு கும்பிடு போடுங்க அண்ணாச்சி. கல்யாண மண்டப வாசல்ல ஒரு பொம்மை கும்பிட்டுக்கிட்டு நிக்கும்லா, அந்த மாதிரி." மூவரும் சிரித்தோம். நான் கும்பிட்டபடி நிற்கும் படம் ஒன்றும் மற்றவற்றோடு போனது.

திங்கட்கிழமை மதியம் 2.15க்குப் பதில் வந்தது. "மீண்டும் டம்மி. இப்படியே நேரத்தை வீணாக்க வேண்டாம். வேறு வேலையாகக் கோயம்புத்தூர் வருகிறேன், புதன்கிழமை நேரில் பார்க்கிறேன். ஆளைத் தயாராக வைக்கவும்." எழுதியவர் அந்த நிறுவனத்தின் அளவு நிபுணரான ஒரு பெண்மணி.

இந்த இரண்டு கடிதங்களுக்கும் நடுவில் வந்த சனி, ஞாயிறு பற்றியும் சொல்லியாக வேண்டும். மனைவி தாராபுரத்தில் அவள் தங்கை வீட்டில் இருந்தாள். நான் குறிப்பேட்டில் புதிதாக ஒரு பத்தி போட்டேன்: இன்று என்னிடம் தானாக முதலில் பேசியவர். சனிக்கிழமை முழுவதும் அந்தப் பத்தி காலி. நான் கேட்டால் எல்லோரும் பதில் சொன்னார்கள், அதில் குறையில்லை, ஆனால் தானாக ஒருவரும் பேசவில்லை. பேக்கரியில் நான் கேட்காமலே டீயை வைத்தார்கள். இது பேசியதாகாது என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை மனைவி கூப்பிட்டாள்.

"ஏனுங்க, சாப்டீங்களா?"

பதில் சொல்வதற்கு முன் அந்தப் பத்தியில் அவள் பெயரையும் நேரத்தையும் எழுதினேன்.

"ஏனுங்க... இருக்கீங்களா?"

தினமும் போனில் எல்லோரும் கேட்பதுதான். இருக்கிறேன் என்று சொல்ல அன்று எனக்கு எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? அவளே இரண்டு முறை ஹலோ சொல்லிவிட்டாள்.

நான் இருக்கிறேனா என்ற கேள்வியைப் புத்தகங்களில் பலமுறை சந்தித்திருக்கிறேன். சந்தேகப்படுவதற்கு ஒருவன் வேண்டும், ஆகவே சந்தேகப்படுகிறவன் இருந்தே தீர வேண்டும் என்ற வாதம் எனக்குப் பிடித்தமானது. கணக்கு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அது முடியவில்லை. சந்தேகம் இருக்கிறது, அது உறுதி, மழை இருக்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் மழை யாருடையது என்று நாம் கேட்பதில்லை. இந்தச் சந்தேகம் மட்டும் என்னுடையது என்று எதை வைத்துச் சொல்கிறேன்? அதற்கு மேல் யோசிக்கத் தெம்பில்லாமல் படுத்துக்கொண்டேன்.

மனைவி, ஞானராஜ், ரேவதி மூன்று பேருக்கும் நான் பழக்கம். பழக்கத்தில் பார்க்கிறவர்களைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. என்னை அறியாத ஒருவர், இந்த அறையில் இந்த ஆளைப் பார்த்தேன் என்று எழுத்தில் தர வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஆர்டர் வந்தாலும் போனாலும் எனக்கு ஒன்றுமில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டேன். ரேவதிக்குத்தான் பாவம், புதன்கிழமை வரை சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை பிற்பகல் 3.10. அந்தப் பெண்மணி வந்தபோது நான் ஏற்கெனவே சட்டையைப் போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் அரையடி உயர மர மேடை மீது நின்றிருந்தேன். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் டேப், கையில் குண்டூசிப் பெட்டி. ரேவதிக்குக் கை கொடுத்தார், ஞானராஜுக்குக் கை கொடுத்தார், நேராக என்னிடம் வந்து காலரைத் திருத்தினார். நல்ல தேர்ந்த கை. என் தோளில் இரண்டு ஊசி குத்தினார், அக்குளில் சாக்பீஸால் கோடு போட்டார், பேசியதெல்லாம் ரேவதியிடம். பதினோரு ஆண்டுகளாக எல்லோரும் அப்படித்தான் என்பதால் முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பிறகு முதுகைப் பார்ப்பதற்காக என் இரண்டு தோள்களையும் பிடித்துத் திருப்பினார்.

இந்த இடத்தில் நான் எழுதுவதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். நான் திரும்பினேன். சுவர் வந்தது, அலமாரி வந்தது, ஞானராஜின் முகம் வந்து போனது. ஆனால் என் கால்கள் அடி எடுத்து வைக்கவில்லை. கம்பியில் சொருகிய டம்மியைத் திருப்பினால் அது எப்படி வழுக்கிக்கொண்டு திரும்புமோ, அப்படித் திரும்பினேன். அது வலிக்கவில்லை என்பது இன்னும் மோசம்.

பின்பக்கம் ஒரு ஊசி குத்திவிட்டு அவர் ரேவதியிடம், டம்மியில் எல்லாம் சரியாக இருக்கிறது, இனி ஆளைக் கூப்பிடுங்கள் என்றார்.

ரேவதி என் பக்கம் கை காட்டினாள். "மேடம், இவருதாங்க ஆளு."

பதற்றத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டாள். நான் தலையைத் திருப்பி, குட் ஆஃப்டர்நூன் மேடம் என்றேன்.

அந்தப் பெண்மணி இரண்டடி பின்னால் போய் மேசையில் மோதிக்கொண்டார். ஊசிப் பெட்டி கொட்டியது. வாயைப் பொத்திக்கொண்டார், முகமெல்லாம் சிவந்து, மன்னிப்புக் கேட்டார், நாலைந்து முறை கேட்டார். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தோம். பிறகு அவரே விளக்கம் சொன்னார், அவருடைய வேகமான ஆங்கிலம் எனக்குப் பிடிபடாததால் ரேவதி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர்கள் அலுவலகத்தில் மீடியம் சைஸ் டம்மி ஒன்று இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்து போன ஓர் ஆளின் முப்பதுக்கு மேற்பட்ட அளவுகளை வைத்துச் செய்தது. அந்த ஆள் நான்தான். அளவெடுத்தது ஞானராஜ், தேதியோடு என் குறிப்பேட்டிலும் இருக்கிறது, எதற்கென்று அப்போது யாரும் சொல்லவில்லை. அந்த டம்மியோடு ஐந்து ஆண்டுகளாகத் தினமும் வேலை செய்வதால் அந்த உடம்பு தன் கைக்கும் கண்ணுக்கும் பழகிவிட்டது, படத்தில் அந்த உடம்பைப் பார்த்ததும் டம்மி என்று நினைத்துவிட்டதாகவும், தவறு தன்னுடையதுதான் என்றும் சொன்னார்.

கணியூர் மோட்டாரைப் போல இதற்கும் ஒரு டைமர் சுவிட்ச் கிடைத்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். ஞானராஜும் பழைய ஞானராஜ் ஆனார். "பாத்தீங்களா அண்ணாச்சி, ஒங்களுக்கு வெளிநாட்டுல ஒரு தம்பி இருக்கான், அவன்தான் மூத்தவன் மாதிரி நடந்துக்கிட்டான்."

அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. ரேவதியிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். நான் அவளைக் கேட்டேன்.

"என்ன சொல்றாங்க, கண்ணு?"

"ஒண்ணுமில்லீங்ணா. அந்த டம்மியோட மார்பளவு நிக்க மாட்டேங்குதுங்களாம். ஒருக்கா வெச்சா நாப்பது, இன்னொருக்கா வெச்சா நாப்பத்தொண்ணுங்களாம். டேப்புதான் சரியில்லைன்னு மாத்திக்கிட்டே இருக்காங்களாமாங்க."

அந்தப் பெண்மணி எழுந்துவந்து, என் அனுமதி கேட்டுக்கொண்டு, என் மார்பைச் சுற்றி டேப்பை வைத்தார். மூச்சை நன்றாக இழுக்கச் சொன்னார். இழுத்தேன். நாற்பது. விடச் சொன்னார். விட்டேன். நாற்பது. மறுபடியும் இழுக்கச் சொன்னார். காற்று உள்ளே போவது மூக்கில் தெரிகிறது, சத்தம் கேட்கிறது, கண்ணாடியைக் காட்டினால் ஆவி படிந்திருக்கும், நான் பிற்பாடு அதையும் செய்து பார்த்தேன். ஆனால் டேப் அசையவில்லை. அவர் டேப்பை மெதுவாகச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார். படிவத்தில் 'அங்கீகரிக்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டார். அதன் கீழே 'எதன் மீது பார்க்கப்பட்டது' என்ற வரியில் டம்மி, ஆள் என இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டையும் தொடவில்லை. ரேவதி நினைவூட்டியபோது, போய் ஒன்றைச் சரிபார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றார். போகும்போது மூன்று பேருக்கும் கை கொடுத்தார். என் கையைச் சற்று அதிக நேரம் பிடித்திருந்தார்.

கார் போன பிறகு ஞானராஜ் தன்னுடைய டேப்பை எடுத்தார். எந்த மனிதனுக்கும் மூச்சில் ஒன்றரை இஞ்சாவது ஏறி இறங்கும் என்பது அவர் தொழிலில் பாலபாடம். நாற்பது, நாற்பது. "டேப்பு பழசு அண்ணாச்சி, நீண்டு போயிருக்கும்" என்று புது டேப்பை உறையிலிருந்து பிரித்தார். நாற்பது, நாற்பது. புது டேப்பைச் சுருட்டி மறுபடி உறைக்குள் போட்டார். அதற்குப் பிறகும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார், ஆனால் கேலி செய்வதில்லை. கேலி செய்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது, கேட்க முடியுமா?

ஆர்டர் நல்லபடியாகப் போய்விட்டது. ரேவதிக்கு அடுத்த ஆர்டரும் கிடைத்தது. நான் இன்னும் அதே மேடையில்தான் நிற்கிறேன், வேறு ஆள் இந்த அளவில் கிடைக்கவில்லை. அந்தப் பெண்மணி ஊர் போய்ச் சேர்ந்த மறுவாரம், அந்தக் காலிக் கட்டங்களைக் குறிப்பிட்டும், டம்மியின் மார்பளவு பற்றிக் கேட்டும் ரேவதி எழுதினாள். பதில் வேறொருவரிடமிருந்து வந்தது. அவர் இப்போது இங்கே பணியில் இல்லை, இனி எனக்கு எழுதவும் என்றிருந்தது. இரண்டு கேள்விகளுக்கும் பதில் இல்லை. மறுபடி இரண்டு முறை எழுதியாயிற்று. வந்த பதில்களில் பொத்தான், நூல் நிறம், பெட்டியின் அளவு எல்லாம் இருக்கின்றன.

ஆகவே இதுவரை எழுத்தில் இருப்பது இவ்வளவுதான். என் மார்பளவு மாறுவதில்லை, மூன்று டேப்பில் பார்த்தாயிற்று. அங்கே இருப்பதன் மார்பளவு ஏறி இறங்குகிறது என்பதை ஒரே ஒருவர்தான் சொல்லியிருக்கிறார். அது இன்னும் சரிபார்க்கப்படவில்லை.