மதாம்மாவின் காதில் பலா இலை

சீட்டாடுகிற வீடு உருப்படாது என்று நம்பி வளர்ந்தவள் நான். நாகர்கோவிலில் எங்கள் வீட்டுக்கு அடுத்த பங்களாவில் ஒரு வெள்ளைக்கார மதாம்மா இருந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது தாண்டியிருக்கும். சுதந்திரத்துக்குப் பிறகு அவருடைய ஆட்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறியும் இவர் அசையவில்லை. பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் எஸ்டேட் துரை ஒருவர், ஊரிலிருந்த ஒரு வயதான தம்பதி என்று மிஞ்சிய வெள்ளைக்காரர்களைச் சனிக்கிழமைதோறும் கூட்டிவைத்து, நம்மூர் ‘இருபத்தெட்டு’ சீட்டாட்டம் போடுவார். தோற்றவர் பலா இலையைக் குணுக்கு மாதிரி காதில் தொங்கவிட வேண்டும் என்கிற நம்மூர்ச் சட்டத்தையும் மதாம்மா விட்டுக்கொடுத்ததில்லை. அவ்வளவு பெரிய துரை காதில் இலையோடு டீ குடிப்பதை வேலி வழியாகப் பார்த்து முகம் சுளித்திருக்கிறேன். சிரிப்பையும் அடக்கியிருக்கிறேன்.

ஒருநாள் அந்தத் தம்பதியும் தங்கள் நாட்டுக்குப் புறப்பட்டார்கள். கடைசி ஆட்டத்தில் தோற்றிருந்த மதாம்மா, இரண்டு காதிலும் இலையோடு வாசலில் நின்று கையசைத்தார். கார் மறைந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலியோரம் நின்ற என் பக்கம் திரும்பினார்.

“ஏட்டி, அடுத்த சனிக்கிழமைக்கு ரெண்டு கை குறையுது. நீயும் ஒன் வீட்டுக்காரரும் வருவியளா?”

“எனக்கு ஆடத் தெரியாதே.”

“தெரியாதவதான் வேணும். நானும் ஒருநாள் ஜெயிக்காண்டாமா?”

அடுத்த சனிக்கிழமை, காதில் இலையோடு டீ குடித்தவள் நான்தான்.