குழாய்க்கு மேல் ஓர் அரைஞாண்

சிறுநீரகம் பழுதான என் ஆறு வயது மகனுக்கு வீட்டிலேயே டயாலிசிஸ் செய்ய வயிற்றில் குழாய் வைத்தார்கள். அரைஞாண் கயிறும் டவுசர் எலாஸ்டிக்கும் படும் இடத்தைக் குறித்துக்கொண்டு, உரசாதபடி அதற்கு மேலே குழாயை வெளியே எடுத்தார் டாக்டர்.

தா.பழூரிலிருந்து பார்க்க வந்த என் நாத்தனாருக்கு அந்தப் படிப்பெல்லாம் தூசு. "ஆபரேசனுக்குக் கழட்டுன கயிறு இடுப்புல இல்லாம கெடந்தா கண்ணு பட்டுராதா? கட்டுனா கொழாயும் ஆடாம நிக்கும்" என்று, நான் அடுப்படிக்குப் போன நேரத்தில் குழாயின் மேலேயே கயிற்றைக் கட்டி இறுக்கிவிட்டார். கையைக்கூடக் கழுவவில்லை.

மறுநாள் துளை சிவந்து, டயாலிசிஸில் வயிற்றிலிருந்து வடிந்த நீர் கஞ்சித் தண்ணீராய்க் கலங்கியிருந்தது. அலறியடித்துத் திருச்சிக்கு ஓடினோம். நல்லவேளை, மருந்திலேயே சரியானது. "கண்ணு படும்னு சொன்னேன்ல?" என்றார் அந்த மேதாவி.

இப்போதெல்லாம் டயாலிசிஸ் முடியும்வரை அறைக்கதவை அந்தக் கயிற்றால்தான் உள்ளிருந்து கட்டி வைக்கிறேன். திருஷ்டி சுற்றுவதென்றால் அவர் வாசலிலேயே சுற்றிக்கொள்ளட்டும்.