முப்பது ஹார்டு டிஸ்க்குக்குச் சந்தனப் பொட்டு

மூன்று வருடத்துக்கு முன், ஆயுத பூஜை சமயம், செங்கல்பட்டில் என் ஹார்டுவேர் கடை மாடியில் நடந்தது இது. நான் ஐந்தாம் வகுப்போடு சரி. தள்ளுவண்டியில் ஆணி விற்றே இரண்டு மாடி எழுப்பியவன். சுத்தம் என்றால் இந்தக் கடைத்தெருவில் என்னைத்தான் காட்டுவார்கள்.

மாடியில் ஓர் ஆராய்ச்சி மாணவி குடியிருந்தார். வேடந்தாங்கல் ஏரியில் மைக் கட்டி, ஐந்து வருடம் பறவைச் சத்தத்தைப் பதிவு செய்தவர். அத்தனையும் முப்பது ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. எந்த நாளின் சத்தம் எத்தனையாவது டிஸ்க்கில் என்று கம்ப்யூட்டரில் பட்டியல். டிஸ்க்கின் மேல் எண் எழுதிய சீட்டு.

ஊருக்குப் போகும்போது சாவியைக் கொடுத்து, “கதவுக்கு ஒரு பொட்டு வெச்சிடுங்க ஐயா” என்றார். கதவோடு நிற்கிற ஆளா நான்? டிஸ்க்குகளை ஈரத்துணியால் துடைத்தேன். ஊறிய சீட்டுகளை அழுக்கென்று உரித்தேன். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, பெரியது கீழே சின்னது மேலே என்று அடுக்கினேன்.

விடுமுறை முடிந்து காலையில் வந்தவர் அலமாரியைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பதினோரு மணிக்கு வீடியோவில் பட்டத் தேர்வு. தேர்வாளர்கள் எந்த நாளைக் கேட்டாலும் உடனே போட்டுக்காட்ட வேண்டுமாம்.

“பொட்டு வெய்யின்னா குளிப்பாட்டி வுட்டுட்டு வந்துகீற. உன் கையி சும்மாவே இருக்காதாய்யா?” என்றாள் என் மனைவி.

மாணவி திட்டவில்லை. “உள்ளயும் நம்பர் பதிஞ்சிருக்கேன். நான் சொல்லச் சொல்ல எழுதி ஒட்டுங்க” என்றார். அவர் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் செருகி, திரையில் தெரிந்த எண்ணைச் சொன்னார். நான் எழுதி ஒட்டினேன். ஒன்றை மட்டும் செருக முடியவில்லை. வயர் செருகும் துளைக்குள் என் சந்தனம். குண்டூசியால் சுரண்டி, ஊதிக் கொடுத்தேன்.

தேர்வாளர்கள் முதலில் கேட்ட மழைநாள் அதே டிஸ்க்கில்தான் இருந்தது. மாணவி பட்டியலைப் பார்த்தார், செருகினார். நாரைகளின் கூச்சல் அறை முழுக்கக் கேட்டது. பட்டமும் கிடைத்தது.

என்றைக்காவது என்னைப் போல ஒருவன் துடைக்க வருவான் என்று முன்கூட்டியே யோசித்து, உள்ளேயும் எண் பதிந்து வைத்திருந்தாரே, அதற்குப் பெயர்தான் படிப்பு என்று எனக்கு அறுபது வயதில் புரிந்தது.