சாமி சாரின் நாக்கு

திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் பைபாஸ் ஓரமாக இருக்கும் எங்கள் ஹோட்டலின் மீன்கறிக்கு ஒரு பெயர் உண்டு. ஐ.டி. பார்க் பிள்ளைகள் மத்தியானம் வரிசையில் நின்று சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் கறியை வைப்பவர் மீனை வாயில் வைத்ததே இல்லை என்று சொன்னால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். மீதிப் பேருக்குச் சாப்பிட்டதே செரிக்காமல் போய்விடும்.

எங்கள் தலைமை செஃப் ராமசுப்ரமணியன், நகரத்துக் கோட்டைக்குள் இருக்கும் அக்கிரகாரத்தில் பிறந்தவர். ஆடு, கோழி, மீன், நண்டு எல்லாம் நாள் முழுக்கச் சமைத்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சாதத்தை ஒரு ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர். சமையலறையில் அவருக்குச் சாமி சார் என்று பெயர். மீன் வெந்ததா இல்லையா என்பதை மணத்தை வைத்தே சொல்லிவிடுவார். உப்பும் புளியும் மட்டும் மூக்குக்குப் பிடிபடாது. அதற்குத்தான் சுடலைக்கண்ணு.

நான் அந்த ஹோட்டலின் ஸ்டோர் கீப்பர் உமாசங்கர். அரிசி, பருப்புக்குக் காவல் இருப்பது போக, அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதும் என் வேலைதான். அப்படிப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து, நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

சுடலைக்கண்ணு நாங்குநேரிப் பக்கத்துக்காரன். சென்ட்ரிங் வேலைக்குத் திருவனந்தபுரம் வந்து, சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து, எடை தூக்க முடியாமல் எங்களிடம் மீன் கழுவ வந்து சேர்ந்தான். ஒருநாள் வழக்கமாக ருசி பார்க்கிற ஆள் லீவு. சாமி சார் எதிரே நின்றவனிடம் கரண்டியை நீட்டினார். நின்றவன் சுடலை. ஒரு சொட்டை நாக்கில் விட்டுக்கொண்டு அவன் சொன்னான்: "புளி தூக்கலா நிக்கி, சார். ஆனா நாளைக்குக் காலம்பற சாப்பிட்டா இதுதான் சரியா இருக்கும்."

சாமி சார் அவனை மேலும் கீழும் பார்த்தார். மறுநாள் அந்தக் கறியை வேறு ஆளிடம் கொடுத்துக் கேட்டார். சரியாகத்தான் இருந்தது. அதோடு சுடலை மீன் மேஜையை விட்டு அடுப்புப் பக்கம் வந்துவிட்டான். வெள்ளைக் கோட்டு, தொப்பி, மார்பில் பெயர். கோட்டோடு எடுத்த படத்தை ஊரில் மாமனார் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள் என்று என்னிடம் மட்டும் இருபது தடவையாவது சொல்லியிருப்பான்.

போன ஆவணியில் ஒரு காய்ச்சல் வந்தது அவனுக்கு. காய்ச்சல் போய்விட்டது, போகும்போது நாக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. முதலில் கண்டுபிடித்தவள் அவன் மனைவி கோமதியம்மாள். உப்புப் போட மறந்த குழம்பை அவன் பேசாமல் ஊற்றிப் பிசைந்து இரண்டாம் முறையும் கேட்டபோது அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "யார்ட்டயும் சொல்லிராத, மறுபடி மீன் கழுவப் போட்டுருவாவ" என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். டாக்டர் திரும்பி வரும் என்றார். வரவில்லை.

அப்புறம் அவன் எப்படி ஒப்பேற்றினான்? இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி. விடை ரொம்ப எளிது. சாமி சாரின் முகத்தைப் பார்த்து. "உப்பு?" என்று அவர் கேட்கும்போது, குறைவாக இருக்கும் என்று அவருக்கே ஒரு சந்தேகம் இருந்தால் இடது புருவம் ஏறுமாம். சரியாக இருக்கும் என்று தோன்றினால் கேட்கும்போதே மூடியைக் கையில் எடுத்துவிடுவாராம். சுடலை கரண்டியை நக்கிவிட்டு, அவர் முகத்தில் எழுதியிருப்பதை அவருக்கே படித்துக் காட்டினான். கறியில் ஒரு குறையும் வரவில்லை. கூட்டமும் குறையவில்லை.

இந்த லட்சணத்தில்தான் டிவி போட்டி வந்தது. ஹோட்டல் செஃப்களுக்கு மட்டுமேயான போட்டி. ஒரு மலையாளச் சேனல் அந்த சீசனை நகரத்துக்கு வெளியே ஷெட் போட்டுப் படம் பிடித்தது. சாமி சார் முதல் சில சுற்றுகளைத் தாண்டினார். கோழி வந்தபோது மூக்கும் பழக்கமும் கைகொடுத்தன. பிறகு ஒரு சுற்றில், அவரவர் சமையலறையிலிருந்து ஒருவரைத் துணைக்குக் கூட்டிவரலாம் என்றார்கள். சாமி சார் யோசிக்கவே இல்லை.

சுடலை என் ஸ்டோரில் வந்து அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தான். "வயிறு சரியில்லன்னு சொல்லிரட்டுமா, அண்ணாச்சி?" என்றான்.

"டிவியில வரதுக்கு அவனவன் தவம் கெடக்கான். ஒனக்கு என்னடே கேடு?" என்றேன். என்ன கேடு என்று அப்போது எனக்குத் தெரியாது. அவன் எழுந்து போய்விட்டான்.

அன்றைக்குப் போட்டியில் சமைக்கக் கொடுத்த கூடையைத் திறந்தால் உள்ளே விழிஞ்ஞம் கடற்கரைச் சிப்பி. மீனாக இருந்தால் எப்படியாவது தப்பித்திருக்கலாம். சிப்பி ஓட்டுக்குள் கடல்நீரை வைத்துக்கொண்டு வருகிற ஜந்து. வேகும்போது அது எவ்வளவு உப்பைக் கக்கும் என்பது அந்தந்தச் சிப்பிக்குத்தான் வெளிச்சம். மூக்குக்கும் தெரியாது, பழக்கத்துக்கும் தெரியாது. வாயில் வைத்தால்தான் உண்டு.

சாமி சார் தேங்காயை வறுத்து அரைத்து, சிப்பியைப் போட்டு, கொதி வந்ததும் கரண்டியை நீட்டினார். "உப்பு?"

சுடலை நக்கிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான். அங்கே ஒன்றுமே இல்லை. பவுடர் பூசியிருந்தார்கள். கேமரா பார்க்கும்போது சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவரும் சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளையாகச் சிரித்துக்கொண்டே இருந்தார். புருவம் இருந்த இடத்தில் மை இருந்தது.

"என்னடா முழிக்கறாய்? உப்பு எப்படி இருக்குன்னாக்கும் கேக்கறேன்."

சுடலை வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம். பாதிக்குப் பாதி சரியாகக்கூட இருந்திருக்கும். ஆனால் அவர் தோற்றால் அது தன்னால்தான் என்று தனக்குத் தெரியுமே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தோன்றியதாம். "சார், எனக்கு ருசி தெரியாது. காய்ச்சல்லேர்ந்து தெரியல. பொய் சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்று அவர் காதோரமாகச் சொன்னான்.

அவர் சிரிப்பு அப்படியே இருந்ததாம், கண் மட்டும் மாறியதாம். திட்டவில்லை. கரண்டியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் அந்தக் கரண்டியைத் தன் வாயில் வைத்தார்.

அங்கேதான் வேடிக்கை. வைத்துவிட்டார், சரி. ஆனால் அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? பிறந்ததிலிருந்து சிப்பி தின்னாத நாக்கு, எதோடு ஒப்பிட்டுப் பார்க்கும்? "என்னமோ மாதிரி இருக்குடா. இது சரியா, தப்பான்னு நேக்கு எங்கனே தெரியும்?" என்றார்.

"எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, சார். நான் பாத்துக்கிடுதேன்" என்றான் சுடலை. "முதல்ல என்ன தெரியுது?"

"இனிப்பு மாதிரி."

"அது சிப்பியோடது. பொறவு?"

"உப்பு. ஓரத்துலே எல்லாம் இழுக்கறது."

"முழுங்கின பொறவும் நிக்கா?"

"நிக்கறது. தண்ணி குடிக்கணும் போல இருக்கு."

"கூடிப் போச்சு, சார். தேங்காப்பால் ஊத்துங்க. இன்னும். இப்பம் பாருங்க."

அவர் மறுபடி வாயில் வைத்தார். அவன் மறுபடி கேட்டான். நாக்கு இவருடையது, ஞாபகம் அவனுடையது. இரண்டையும் சேர்த்து ஒரு ஆளாக்கி, மணி அடிப்பதற்குள் தட்டை வைத்துவிட்டார்கள். நடுவர்களில் ஒரு அம்மாள் வழித்துச் சாப்பிட்டார். அந்தச் சுற்று ஜெயம். அடுத்த சுற்றிலேயே சாமி சார் வெளியே வந்துவிட்டார் என்பது வேறு கதை. அதுவும் பாயசத்தில்!

சிப்பி விஷயத்தை அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டார். அவர் மனைவி விஜயம் மாமி, "வாயைக் கொப்பளிச்சேளா?" என்று மட்டும் கேட்டாராம். அதற்கு மேல் என்ன நடந்தது என்று நான் எவ்வளவு துருவியும் கிடைக்கவில்லை. சுடலையிடம் அவர் சொன்னதும் ஒன்றே ஒன்றுதான்: "ஷோ வர வரைக்கும் யார்ட்டயும் மிண்டப்படாது, மூச்சு விடப்படாது. சேனலோட ஒப்பந்தமாக்கும்." அதற்குப் பிறகு ருசி பார்க்க எல்லோரையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, போட்டியில் கற்றுக்கொண்ட புது முறை என்று என்னை மடக்கிவிட்டார். சுடலை மட்டும் நாளுக்கு நாள் ஒடுங்கிப்போனான். ஷோ ஒளிபரப்பாகும் நாளில் தன் கோட்டு போய்விடும் என்று அவன் எண்ணிக்கொண்டிருந்தது எனக்கு எங்கே தெரியும்?

சனிக்கிழமை அந்தப் பகுதி வந்தது. ஞாயிறு மத்தியானம் மறு ஒளிபரப்பை ஸ்டாஃப் ஹாலில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். சுடலை காதில் சொன்னதும், இருவரும் கேட்டுச் சொல்லிக்கொண்டதும் ஒன்றுகூட வரவில்லை. அந்த இடத்தில் டமடமவென்று மேளம் போட்டு மூடியிருந்தார்கள். சாமி சார் கரண்டியை வாயில் வைப்பது மட்டும் வந்தது. மெதுவாக வந்தது, திரும்பத் திரும்ப வந்தது, கண்ணுக்குக் கிட்டத்தில் வந்தது.

"அய்யோ, சாமி சிப்பி கழிச்சு!" என்று கத்தினான் பரிமாறுகிறவர்களின் கேப்டன் கிரிஷ். கழிச்சு என்றால் மலையாளத்தில் சாப்பிட்டாச்சு. "ஜெயிக்கான் வேண்டி ஆச்சாரத்தை முழுங்கியாச்சு, அல்லே சாரே?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. மேனேஜர்கூடச் சிரித்தார். நானும்தான் சிரித்தேன், சிரிக்காமல் என்ன? சாமி சாரின் அண்ணா காலையிலேயே போன் செய்து, ஒரு பரிசுக்கு ஆசைப்பட்டு வாயைக் கொடுத்துவிட்டாயே என்று கேட்டிருந்தாராம். சாமி சார் தன் டப்பாவைத் திறந்தார். தயிர்சாதத்தில் கண்ணாக இருந்தார்.

சுடலை பார்த்தான். டிவி அவன் ரகசியத்தை மேளம் போட்டுக் காப்பாற்றிக் கொடுத்திருந்தது. அவன் வாயை மூடிக்கொண்டு சோற்றைத் தின்றால் போதும். அவன் எழுந்து நின்றான்.

"அவரு ஆசைக்கா வச்சாரு?" என்றான். "எனக்கு நாக்குச் செத்துப் போச்சு. ஆவணியில வந்த காய்ச்சலோட போச்சு. அந்தக் கரண்டி என் வாய்க்கு வர வேண்டியது. எனக்குப் பதிலாத்தான் அவரு வச்சாரு. கேலி பண்ணணும்னா என்னப் பண்ணுங்க."

யாரோ டிவியை அணைத்தார்கள். மேனேஜர் முகம் மாறிவிட்டது. "ஆவணியா? அப்போ அதுக்குப் பெறகு இவிடத்தெ மீன்கறிக்கு ருசி பார்த்தது யாரு?"

"போட்டி வரைக்கும் யாரும் பாக்கல, சார்."

நான் அந்தக் கறியை அத்தனை மாதமும் தினம் இரண்டு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன். இதற்கு அழுவதா, சிரிப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் சாமி சார் பக்கம் திரும்பி, இவனை நாளையிலிருந்து மீன் மேஜைக்கு அனுப்பிவிடலாம் என்று ஆரம்பித்தார்.

"அவன் என் பக்கத்துலேயே நிக்கட்டும்" என்றார் சாமி சார், டப்பாவை மூடியபடி. "நாக்கு யார்ட்ட வேணும்னாலும் கடன் வாங்கிக்கலாம், கேட்டேளா? நாக்கு சொல்றது இன்னதுன்னு புரிஞ்சுக்கற ஆள் இவன் ஒருத்தன்தான். கிரிஷ், நீ நன்னா திங்கறவன்தானே? நாளைலேந்து நீ தின்னு, அவன் கேப்பான். கேக்கறதுக்கு ஒழுங்கா பதில் சொல்லு."

சாமி சார் கை கழுவ எழுந்து போனார். போகிற வழியில் சுடலையின் தோளை அழுத்தி உட்கார வைத்தார். அவன் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதான். நான் என் தட்டிலிருந்த மீன் துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தேன். அவன் அதையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டான்.