கடைவீதியில் எங்கள் ஊர்வலம்

பாகூருக்குத் தெற்கே, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் எங்கள் ஊர். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்வந்த ஸ்டூடண்ட் பஸ்ஸைத் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். மனு கொடுத்தோம். வாங்கி வைத்துக்கொண்டார்கள், பஸ் வரவில்லை. இரண்டு பஸ் மாறிப் போக முடியாமல் சில பெண் பிள்ளைகள் படிப்பையே விட்டுவிட்டார்கள். அதனால் சுற்றுப்பட்ட ஊர்ப் பெண்களெல்லாம் சேர்ந்து புதுச்சேரி டவுனில் ஊர்வலம் போவதென்று முடிவானது. வாய் உள்ளவள் என்று என்னை முன்னால் தள்ளினார்கள்.

அனுமதி கேட்கப் போனபோது இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "டவுனுக்கு வெளிய கிரவுண்டு இருக்கும்மா. அங்க உக்காந்து எவ்ளோ நேரம் வேணும்னாலும் கோஷம் போடுங்க. ரோடு மட்டும் கேக்காதீங்க."

"அங்க எங்கள யாரு சார் பாப்பாங்க? மேயற மாடா?" என்றேன். "யாருக்குக் கேக்கணும்னு கத்தறோமோ, அவங்கல்லாம் இந்த ரோட்டுலதான இருக்காங்க."

பலமுறை அலைந்தபிறகு கடைவீதி வழியாகப் போக அனுமதி கிடைத்தது.

அன்று மைக் என் கையில் இருந்தது. கடைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து எங்களைப் பார்த்தார்கள். அனுமதிப்படி கடைவீதி முனையில் நிற்காமல் திரும்பிப் போயிருக்க வேண்டும். நான் போகவில்லை. என் குரல் அத்தனை பெரிதாக ஒலித்து நான் அதுவரை கேட்டதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. போலீஸ்காரர் இரண்டு தரம் வந்து நகரச் சொன்னார். "இன்னும் கொஞ்ச நேரம் சார்" என்று கூட்டத்தை அங்கேயே நிறுத்திவைத்துவிட்டேன்.

ஊருக்குத் திரும்பும்போதுதான் போனை எடுத்துப் பார்த்தேன். ஓரகத்தி வரிசையாக அழைத்திருந்தார். அவர் வீட்டுக்காரருக்கு, என் கணவரின் அண்ணனுக்கு, சிறுநீரகம் பழுதாகி டவுன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நடக்கிறது. அன்று அவருடைய முறை. எனக்குத் தெரிந்த நாள்தான், மறந்திருந்தேன். எங்கள் கூட்டத்துக்குப் பின்னால் ஆட்டோவில் மாட்டிக்கொண்டு, அவர்கள் போய்ச் சேர்வதற்குள் மெஷினில் அடுத்தவரைப் படுக்க வைத்துவிட்டார்கள். சாயங்காலம் கொஞ்ச நேரத்துக்குத்தான் இடம் கிடைத்தது.

மறுநாள் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாமா முகம் ஊதி, படுக்க முடியாமல், சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கண் மூடியிருந்தது. ஓரகத்தி அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"போன எடுக்கலயே நானு... மன்னிச்சிடுக்கா."

"நீ செஞ்சது தப்புன்னு நா சொல்லல. என் பேத்தியுந்தான் அந்த பஸ்ல போனா." கழுநீரைக் கொட்டிவிட்டு அவர் சொன்னார்: "ஆட்டோல என் தோள்ல சாஞ்சிகினு இருந்தாரு. மைக்ல உன் சத்தம் கேட்டுது. 'நம்ம வூட்டுப் பொண்ணு இன்னாமா பேசுது பாரு'ன்னு சிரிச்சாரு."

ஓரகத்தி என்னைத் திட்டியிருக்கலாம்.

அந்த வாரமே கடைவீதியில் இனி ஊர்வலமே கூடாது என்று வியாபாரிகள் கேட்டார்கள். காவல் நிலையத்தில் எங்களையும் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் எழுந்தார். "அன்னிக்கி ஒரு பேஷண்ட்டு என் கடை வாசல்ல ஆட்டோல தவிச்சிகினு இருந்தாரு. நாந்தான் தண்ணி குடுத்தேன். ஒரு வாய்க்கு மேல குடிக்கக் கூடாதுன்னு திருப்பிக் குடுத்துட்டாரு பாவம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன்.

"அது எங்க தப்புதான். நின்ன எடத்துல ரொம்ப நேரம் நின்னுட்டோம். இனிமே பாதி ரோட்ட விட்டுட்டு நடக்கறோம். வழி விட ஆளு போடறோம். ஆனா ஒரு தப்பு நடந்துச்சின்னு நடக்கவே கூடாதுன்னா எப்படி சார்? எங்க ஊரு வரைக்கும் வந்து நாங்க சொல்றத யாரு கேப்பாங்க?"

சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நம்பித்தான் சொன்னேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்த நோயாளி என் வீட்டு மனுஷர் என்று சொல்லவில்லை. அங்கே நின்றது கூட்டம் அல்ல, நான்தான் நிறுத்திவைத்தேன் என்றும் சொல்லவில்லை. ஜவுளிக்கடைக்காரருக்கு நன்றிகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

தடை வரவில்லை. பாதிச் சாலை என்ற நிபந்தனையோடு விட்டுவிட்டார்கள். பஸ்ஸும் வந்தது, காலையில் மட்டும். சாயங்கால பஸ்ஸுக்காக மறுபடியும் ஊர்வலம் போவதென்று பேச்சு வந்தபோது, மாமாவிடம் நானே போய்ச் சொன்னேன்.

"தேதிய மட்டும் முன்னாடியே சொல்லிடும்மா. டயாலிசிஸ் நாளா இருந்தா நாங்க விடியகாலமே கெளம்பிடறோம்" என்றார்.

"உங்க நாள்ல வெக்க மாட்டோம் மாமா."

எந்த நாளில் வைத்தாலும் அது வேறொரு வீட்டில் யாருக்காவது ஆஸ்பத்திரி நாளாகத்தான் இருக்கும் என்பது பக்கத்தில் நின்ற ஓரகத்திக்கும் தெரியும்.

இரண்டாவது ஊர்வலத்தில் மைக்கை வேறொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு, சாலையின் நடுவில், வண்டிகளுக்கு விட்ட பாதியைப் பிரிக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எங்களைத் தாண்டிப் போன ஒவ்வொரு வண்டிக்குள்ளும் குனிந்து பார்த்தேன்.