நாலு ஆணி, அதற்கு மேல் இல்லை

எங்கள் லேத் பட்டறைக்கு யார் வந்தாலும், அவர் கொண்டுவந்த இரும்பை அவர் கண் முன்னாலேயே மெஷினில் மாட்டி, கொஞ்சம் ஓட்டிக் காட்டிவிடுவோம். வந்தவர் வேலை ஆரம்பித்துவிட்டது என்ற நிம்மதியோடு பஸ் ஏறுவார். அவர் தலை மறைந்ததும் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு அடுத்தவருடையதை மாட்டுவோம். தேனியில் நாங்கள் மட்டும் செய்கிற காரியமில்லை இது. ஆனால் எங்கள் அளவுக்குச் சளைக்காமல் யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

லேத்தில் இரும்பைக் கடையும் டர்னர் என் கணவர்தான். வேலை வாங்குவதும் நாள் சொல்வதும் நான். ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்துப் பம்புக்கு ஒரு பிஸ்டன், கெங்குவார்பட்டி டிரெய்லர் சக்கரத்துக்கு ஒரு ஹப் என்று ஒன்றைப் போல் ஒன்று வராது. ஒவ்வொன்றுக்கும் மெஷினைப் புதிதாக செட் செய்ய வேண்டும். பாதியில் கழற்றியதைத் திரும்ப மாட்டினால் மறுபடி முதலிலிருந்து. பாதிப் பொழுது அதிலேயே போகும். தரையெல்லாம் அரைகுறை வேலை, கால் வைக்க இடமிருக்காது.

இரண்டு வருடத்துக்கு முன் மேகமலையிலிருந்து ஏலக்காய்த் தோட்டக்காரர் ஒருவர் வந்தார். காய் உலர்த்தும் அறையில் காற்றாடியைச் சுழற்றும் ஷாப்ட் முறிந்துவிட்டது, பறித்த காய் ஈரத்தோடு கிடக்கிறது என்றார். நான்தான் கணவருக்குக் கண்ணைக் காட்டினேன். மாட்டி ஓட்டிக் காட்டினோம். நாளைக்கு வாருங்கள் என்று வாய் கூசாமல் சொன்னதும் நான்தான். அரை நாள் வேலை அது. நாலைந்து தடவை போன் செய்து பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் நேரில் வந்தார். ஷாப்ட் டிரெய்லர் ஹப்புக்கு அடியில் கிடந்தது. குனிந்து அவரே உருவி எடுத்துக்கொண்டார்.

"காயெல்லாம் பச்சை போயி வெளுத்துப்போச்சு, இனி வெலை போகாது, ஆத்தா. முடியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா வேற பக்கம் போயிருப்பேன்ல."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கத்தாமல் ஷாப்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

மறுநாள் வாசலில் ஒரு பலகை மாட்டி அதில் நாலு ஆணி அடித்தேன். பட்டறைக்குள் எடுக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை எழுதி ஓர் ஆணியில் தொங்கவிடுவேன்; நாலுக்கு மேல் உள்ளே கிடையாது. ஆணி காலியானால்தான் அடுத்த வேலை உள்ளே வரும். மற்றதெல்லாம் வெளியே தகரக் கொட்டகையில், மேலே தருகிற நாளைச் சாக்பீஸால் எழுதி, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். மாட்டியதை முடிக்காமல் கழற்றக் கூடாது.

"வந்தவுக மூஞ்சிக்கு நேரா எப்படி இல்லேன்னு சொல்றது? அடுத்த பட்டறைக்குப் போயிருவாக" என்றார் கணவர்.

போனால் போகட்டும் என்றேன். சிலர் போகவும் செய்தார்கள். ஒருநாள் கணவர் தன் சித்தப்பா மகனுக்காக ஐந்தாவதாக ஒன்றைத் திருட்டுத்தனமாக மாட்டினார். நான் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டேன். மூன்று நாள் எங்களுக்குள் பேச்சில்லை. ஆனால் தரை தெரிய ஆரம்பித்தது. சொன்ன நாளில் வேலை முடிந்தது.

இந்தப் பருவத்தில் ஏலத்தோட்டக்காரர் திரும்ப வந்தார். வேறு பட்டறைகளும் அவரை அலையவிட்டிருக்கும் போல. அதே ஷாப்ட், வேறு இடத்தில் முறிவு. அன்று செவ்வாய். வியாழக்கிழமை காய் பறிக்க ஆள் சொல்லியாகிவிட்டது, அன்று இரவுக்குள் காற்றாடி ஓடாவிட்டால் இந்தப் பறிப்பும் போச்சு என்றார். மாட்டிக் காட்டச் சொன்னார். நாலு ஆணியிலும் அட்டை தொங்கியது. கணவர் என் முகத்தைப் பார்த்தார்.

"இப்ப மாட்ட மாட்டோம்ணே. வியாழக்கெழமை மத்தியானம் கையில தாரேன். அது ஆகாதுன்னா இப்பவே வேற இடம் பாத்துக்கங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஷாப்டைக் கொட்டகையில் வைத்தார். சொல்லிவிட்டேனே தவிர எனக்குப் பயம்தான். புதன் காலையில் ஓர் ஆணி காலியானது. உள்ளே இருந்த மற்ற மூன்றும் அதற்குப் பிந்திய நாளுக்குச் சொன்னவை என்பதால் ஷாப்டை மாட்டினோம்; சாயங்காலம் முடிந்தது. வியாழன் பத்து மணிக்கே சண்டைக்குத் தயாராக வந்து நின்றவர், எண்ணெய் தடவி வாசலில் வைத்திருந்ததை இரண்டு தடவை அளந்து பார்த்துவிட்டு மலைக்குக் கிளம்பினார்.

போன வாரம் உடைந்த புல்லி ஒன்றோடு வந்தார். ஆணிகள் நிறைந்திருந்தன. என்றைக்கு என்று கேட்டார். திங்கள் என்றேன். சாக்பீஸை எடுத்து அவரே புல்லியில் "திங்கள்" என்று எழுதிக் கொட்டகையில் வைத்துவிட்டு, லேத் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போனார்.